செத்துப்போன நாயை நினைக்கும்போதெல்லாம் கடைசி நாள்தான் கண்ணில் நிற்கிறது, என்ன செய்வது?

பதிமூன்று வருடம் வீட்டில் இருந்தவன், சிறுநீரகம் போய், கடைசியில் நீங்களே கையெழுத்துப் போட்டு ஊசி போடச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. கண்ணை மூடினால் அந்த மேஜையும் திறந்தபடி இருந்த அவன் கண்ணும்தான் தெரிகிறது என்கிறீர்கள். அப்பா தட்டையும் கயிற்றையும் பரணில் தூக்கிப் போட்டுவிட்டார், வீட்டில் யாரும் பேச்சே எடுப்பதில்லை, ஆறு வயது மகள் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒரு நாய்க்காக இவ்வளவு அழுவது சரியா, அவனை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது, இன்னொரு நாய் வளர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கால்நடை மருத்துவர். அந்த ஊசியைப் போடும் பக்கத்தில் நிற்பவன். அதனால் எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறீர்கள், அவன் பெயரை ஓர் இடத்தில்கூட எழுதவில்லை. பெயரைச் சொல்லுங்கள், வீட்டுக்குள் சத்தமாகவே சொல்லுங்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த ஒரு நடுகல் உண்டு, மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது ஏழாம் நூற்றாண்டு. செத்த வீரனுக்கு எடுத்த கல்தான், ஆனால் அவன் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். அந்த நாய் என்ன நிறம், எத்தனை வயது என்று நமக்கு ஒன்றும் தெரியாது. ஒரு பெயரும் அது செய்த ஒரு காரியமும்தான் மிச்சம். அது போதுமாக இருந்திருக்கிறது, ஏனென்றால் அதைப் படிக்கும்போது ஏதோ ஒரு நாய் நினைவுக்கு வருவதில்லை, கோவிவன்தான் வருகிறான். நீங்கள் செய்ய வேண்டிய வேலையும் கிட்டத்தட்ட அதுதான். இப்போதைக்கு உங்கள் மனதில் இருப்பது ஒரு நோயாளி. அவனைத் தள்ளி வைத்துவிட்டு உங்கள் நாயை வெளியே கூட்டிவர வேண்டும்.

கடைசி நாள் ஏன் இப்படி மொத்தத்தையும் பிடித்துக்கொள்கிறது என்றால், மனதின் சுபாவமே அப்படித்தான். உளவியலாளர் டேனியல் கானமனும் அவரோடு வேலை செய்தவர்களும் 1990களில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஓர் அனுபவத்தைப் பின்னால் நினைத்துப் பார்க்கும்போது அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை மனம் பெரிதாகக் கணக்கில் எடுப்பதில்லை, அதன் உச்சக்கட்டத்தையும் முடிவையும் வைத்துத்தான் மொத்தத்தையும் எடை போடுகிறது. பதிமூன்று வருடம் என்றால் 4,700 நாட்களுக்கு மேல், அதில் அவன் படுத்துக்கிடந்தது ஒரு வாரமோ பத்து நாளோ. ஆனால் அந்தப் பத்து நாள்தான் உச்சம், அதுவேதான் முடிவும். நீங்கள் பலவீனமானவர் என்பதால் இது நடக்கவில்லை, சும்மா விட்டால் எல்லோருக்கும் இப்படித்தான் நடக்கும்.

அந்த மேஜையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை விளக்காமலே வீட்டுக்கு அனுப்பிவிடுகிற மருத்துவர்கள் அதிகம். கண் மூடவே இல்லை, எல்லாம் முடிந்தது என்று சொன்ன பிறகும் ஒருமுறை மூச்சை இழுத்தான், வலித்திருக்குமோ என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்குப் பெரும்பாலும் பயன்படுத்துவது பென்டோபார்பிட்டல் என்ற மருந்து, அது மயக்க மருந்து வகையைச் சேர்ந்தது. அளவுக்கு மேல் செலுத்தும்போது முதலில் போவது நினைவு, நரம்பில் ஏறிய சில நொடிகளிலேயே. அப்புறம்தான் மூச்சு நிற்கும், அதற்கும் அப்புறம் இதயம். இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் மூச்சு நிற்பதை உணர்வதற்கு அங்கே அவன் இல்லை. கண்ணை மூடுவதற்குத் தசை வேலை செய்ய வேண்டும், அது தளர்ந்துவிட்டால் கண் பாதி திறந்தபடியே நின்றுவிடும். நாய்களில் அதுதான் வழக்கம், மூடினால்தான் அதிசயம். கடைசியாக இழுத்த மூச்சும், கால் துடித்ததும், மூத்திரம் போனதும் உடம்பு தானாகச் செய்பவை, வலியின் அடையாளம் இல்லை. அவன் கண் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று நினைக்கிறீர்கள். அதற்கு முன்னாலேயே அவன் தூங்கிவிட்டான்.

முன்னாடியே கவனித்திருக்க வேண்டாமா என்பதற்கும் பதில் இருக்கிறது. நாயின் சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகும். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் தண்ணீர் அதிகம் குடிப்பதும் அடிக்கடி மூத்திரம் போவதும் வெளியே தெரியும், முக்கால் பங்கு போன பிறகுதான் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு ஏறும். அதோடு, மெலிந்துகொண்டே போவது தினமும் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது, எப்போதாவது வருகிற சொந்தக்காரர்தான் "என்ன இப்படி இளைச்சுட்டான்?" என்று கேட்பார். இதையெல்லாம் படித்ததும் குற்றவுணர்ச்சி ஓடிப்போய்விடும் என்று நான் சொல்லவில்லை. போகாது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அது வந்து உட்காரும்போது பதில் சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும் இல்லையா, அதற்காகச் சொன்னேன்.

சரி, நினைவுக்கு வருவோம். ஒரு நோட்டு எடுங்கள், இல்லையென்றால் போனிலேயே எழுதுங்கள், ஆனால் இந்த மாதத்துக்குள் எழுதிவிடுங்கள். அவனையா மறந்துவிடுவேன் என்று கோபம் வரும். அவனை மறக்கமாட்டீர்கள், அவனுடைய சின்னச் சின்ன விஷயங்கள் மறந்துபோகும், இரண்டே வருடத்தில். எந்தக் காதைச் சொறிந்தால் பின்னங்கால் தானாக ஆடும், இடி இடித்தால் எந்த மூலையில் போய் ஒண்டுவான், படுப்பதற்கு முன் அந்த இடத்தில் எத்தனை சுற்றுச் சுற்றுவான், வீட்டு வண்டிச் சத்தத்தையும் அடுத்த வீட்டு வண்டிச் சத்தத்தையும் எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வான், பொய்க் கோபத்தில் திட்டினால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வான். நல்லவன், பாசமானவன், குழந்தை மாதிரி இருந்தான் என்றெல்லாம் தயவுசெய்து எழுதாதீர்கள், அது எந்த நாய்க்கும் பொருந்தும். என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு குடும்பம் எழுதிவைத்திருந்ததைச் சொல்கிறேன். குளிக்க வைக்கும் வாளியின் கைப்பிடி சத்தம் கேட்டால் போதும், அவர்கள் வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொள்ளும். தலை உள்ளே போனதுமே முழுசாக ஒளிந்துவிட்டதாக அதற்கு நினைப்பு, பாதி உடம்பு வெளியேதான் இருக்கும், யாராவது பெயரைச் சொன்னால் அசையாமல் கிடக்கும், ஆனால் வால் மட்டும் தரையில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். நான் அந்த நாய்க்கு எத்தனையோ தடுப்பூசி போட்டிருக்கிறேன், இந்த நான்கு வரியைப் படித்த பிறகுதான் அது யார் என்று எனக்குத் தெரிந்தது.

கெட்ட பழக்கங்களையும் விடாமல் எழுதுங்கள். செத்த நாயை ஞானியாக்கிவிடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது, சோபாவின் ஓரத்தைக் கடித்துப் பஞ்சை எடுத்தவன், பார்சல் கொண்டுவருகிறவரைப் பரம விரோதியாக நினைத்தவன், கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி நின்றவன், அவன் எங்கே போனான்? அவன்தானே உங்களோடு இருந்தவன். எழுதும்போது நடுவில் ஓர் இடத்தில் சிரிப்பு வந்துவிடும், சிரித்ததற்காக வெட்கப்பட வேண்டாம். கடைசி நாளைப் பற்றியும் எழுதலாம், ஆனால் அது ஒரு பக்கம்தான், மற்ற பக்கங்கள் மற்ற நாட்களுக்கு.

இதைத் தனியாகச் செய்ய முடியாது என்பதுதான் இதில் உள்ள நல்ல விஷயம். வீட்டில் நான்கு பேர் என்றால் நான்கு பேருக்கும் தெரிந்தது ஒரே நாய் இல்லை. காலையில் அவனைக் கூட்டிப்போனது அப்பா என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் காலை நேரத்து நாயை அவருக்கு மட்டும்தான் தெரியும். அவரிடம் போய் "அவனைப் பத்திப் பேசலாமாப்பா?" என்று கேட்டால் எழுந்து போய்விடுவார். தகவலாகக் கேளுங்கள். "காலையில போறப்ப எந்த வீட்டு வாசல்லப்பா நின்னு குரைப்பான்?" இதற்குப் பதில் வரும், பதில் வந்தால் மற்றதும் அதன் பின்னால் மெதுவாக வரும். தட்டைப் பரணில் போட்டது அவருக்கு மனசில்லை என்பதால் இல்லை, நடக்கும்போது காலில் தட்டுப்படும் இடத்தில் அது இருந்ததை அவரால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். துக்கம் சிலருக்குப் பேச்சாக வரும், சிலருக்கு இப்படி வேலையாக வரும். இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். உங்களுக்குப் போனது நாய். அவருக்கு நாயோடு சேர்த்துக் காலை நடையும் போய்விட்டது, தெருவில் நின்று பேசும் ஆட்களும் போய்விட்டார்கள், தனியாக நடந்தால் "எங்க சார், இன்னைக்கு ஆளக் காணோம்?" என்று கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். முதல் சில நாள் நீங்களும் கூடவே போங்கள்.

படங்களைவிட வீடியோ முக்கியம், அதிலும் அவனை எடுக்காத வீடியோ. பிறந்தநாளுக்கோ வேறு எதற்கோ எடுத்தபோது பின்னால் அவன் கடந்து போயிருப்பான், யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளறையிலிருந்து குரைத்திருப்பான், தரையில் நகம் பட்டு டிக் டிக் என்று கேட்டிருக்கும். கேமராவைப் பார்த்து உட்காரவைத்து எடுத்த நூறு படத்தில் இல்லாத நடமாட்டம் அதில் இருக்கும். சொந்தக்காரர்கள் போனிலும் தேடச் சொல்லுங்கள். வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் தரம் குறைந்துவிடும், அதனால் அசல் கோப்பாகவே வாங்கி, இரண்டு இடத்தில் சேமித்துவிடுங்கள், ஒன்று கட்டாயம் போனுக்கு வெளியே. இப்போது பார்க்க முடியவில்லை என்றால் பார்க்க வேண்டாம், சேர்த்து மட்டும் வையுங்கள்.

பொருட்களில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது என்பதற்குக் கணக்கு எதுவும் கிடையாது, ஆறு மாதம் எதையும் தூக்கி எறியாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். பரண் நல்ல இடம்தான், அங்கேயே இருக்கட்டும். ஆனால் அவன் படுத்த துணி ஒன்றை மட்டும் துவைக்காமல் காற்றுப் போகாத பையில் போட்டு மூடிவையுங்கள். வாசனைதான் முதலில் போய்விடும், திரும்ப எங்கேயும் கிடைக்காது. மூக்கிலிருந்து வரும் செய்தி, மூளையில் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்கு மற்ற புலன்களைவிடக் குறுக்கு வழியில் போகிறது, அதனால்தான் ஒரு துணியை முகர்ந்ததும் படத்தைப் பார்த்து வராத அழுகை வருகிறது. சீப்பில் சிக்கிய முடி இருந்தால் அதையும் எடுத்துவையுங்கள். அப்புறம், பலரும் மறந்துவிடும் ஒரு வேலை. மருத்துவமனைக்கு போன் செய்து அவன் பெயரைப் பதிவிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்கள் கொஞ்சம் தேறி நிற்கும் ஒரு நாளில் "தடுப்பூசி நாள் நெருங்குகிறது" என்று அவன் பெயரோடு ஒரு குறுஞ்செய்தி வந்து நிற்கும். ஆன்லைனில் மாதாமாதம் தானாக வரும் ஆர்டர் ஏதாவது இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

சாம்பலில் செடி வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நேராகக் குழியில் கொட்டி அதன் மேல் வைத்தால் செடி பெரும்பாலும் பிழைக்காது. அதில் காரத்தன்மையும் உப்பும் அதிகம். அந்தச் செடியும் பட்டுப்போனால் வீட்டில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வைக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு கைப்பிடி மட்டும் எடுத்து நிறைய மண்ணிலும் எருவிலும் கலந்து, வேரிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

நாய்க்குப் போய் இவ்வளவு அழுகையா என்று உங்களிடம் யாரோ கேட்டிருக்கிறார்கள், அது உள்ளே போய்த் தைத்துவிட்டது என்று தெரிகிறது. மற்றவர்கள் துக்கமாகவே ஒத்துக்கொள்ளாத துக்கம் என்று ஒரு வகை இருக்கிறது, கென்னத் டோகா என்ற ஆய்வாளர் 1989இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே கொண்டுவந்தார். மனிதர் இறந்தால் லீவு உண்டு, நான்கு பேர் வருவார்கள், சொல்வதற்கு என்று வார்த்தைகள் இருக்கின்றன. நாய் செத்தால் மறுநாள் வேலைக்குப் போய் ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார வேண்டும், துக்கத்தோடு அதை மறைக்கும் வேலையும் சேர்ந்துகொள்கிறது. உடம்புக்கு இந்த வித்தியாசம் எல்லாம் தெரியாது. நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டால் இருவருக்கும் ஆக்சிடோசின் ஏறுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள், தாயையும் குழந்தையையும் பிணைப்பதில் பங்குள்ள அதே ஹார்மோன். ஜெர்மனியில் பான் நகரத்துக்குப் பக்கத்தில் ஓபர்காசல் என்ற இடத்தில் 1914இல் ஒரு பழைய புதைகுழி கிடைத்தது, சுமார் 14,000 வருடம் பழையது, ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டி. அதன் பல்லை ஆராய்ந்து 2018இல் சொன்னார்கள், அந்தக் குட்டிக்கு டிஸ்டெம்பர் என்ற கொடிய நோய் வந்திருக்கிறது, யாரோ கவனித்துப் பார்த்துக்கொண்டதால்தான் அது சில வாரம் கூடுதலாகப் பிழைத்திருக்க வேண்டும் என்று. வேட்டைக்கோ காவலுக்கோ ஒரு பிரயோஜனமும் இல்லாத நோயாளிக் குட்டி அது. அந்தக் காலத்தில் அவ்வளவு செய்திருக்கிறார்கள், நீங்கள் மூன்று வாரம் அழுவதில் என்ன வந்துவிட்டது?

ராத்திரி நகச் சத்தம் கேட்கிறது, எழுந்து பார்த்தால் ஒன்றுமில்லை என்றீர்களே, அதற்கும் பயப்பட வேண்டாம். வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ் 1971இல் துணையை இழந்தவர்களிடம் விசாரித்தபோது, ஏறத்தாழ பாதிப் பேர் இறந்தவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்ததாகவோ, பார்த்ததாகவோ, குரலைக் கேட்டதாகவோ சொன்னார்கள். பதிமூன்று வருடமாக ஒரு சத்தத்தை எதிர்பார்த்துப் பழகிய காது அது, உடனே நிறுத்து என்றால் நிறுத்தாது. ஆனால் தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப்போய், வேலைக்கே போக முடியவில்லை என்றாலோ, இருந்து என்ன பிரயோஜனம் என்கிற மாதிரி எண்ணம் வந்தாலோ, தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். நாய் செத்ததற்கா வந்தீர்கள் என்று கேட்க மாட்டார்கள்.

மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். தூங்கிவிட்டான், ஊருக்குப் போயிருக்கிறான் என்று சொன்னால் அந்த வயதில் அதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள், பிறகு தானே தூங்கப் பயப்படுவாள், அல்லது வாசலில் உட்கார்ந்து காத்திருப்பாள். அவன் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி வரமாட்டான், வலியும் இருக்காது, யாரும் தப்புச் செய்யவில்லை, இவ்வளவுதான். கடைசி வாக்கியத்தைக் கட்டாயம் சொல்லுங்கள், ஒருநாள் அவனைத் திட்டியதால்தான் செத்தான் என்று குழந்தைகள் தங்களுக்குள்ளேயே முடிவு செய்துகொள்வது உண்டு. அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பாள், ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொல்லுங்கள். நோட்டில் அவளுக்கும் பக்கம் கொடுங்கள், அவள் வரையும் நாய்க்கு ஐந்து கால் இருந்தால் திருத்தாதீர்கள்.

இன்னொரு நாய் வளர்க்கலாமா? வளர்க்கலாம், ஆனால் அவனே திரும்பி வருவான் என்று நினைத்து வேண்டாம். 2005இல் தென் கொரியாவில் ஸ்னப்பி என்ற நாயைக் குளோனிங் முறையில் உருவாக்கினார்கள், அதுதான் உலகின் முதல் குளோன் நாய். இன்றைக்குப் பணம் கொட்டிக் கொடுத்துச் செய்துகொள்கிறவர்கள்கூட இருக்கிறார்கள். கிடைப்பது அதே மரபணுவோடு வேறொரு நாய், சோபாவைக் கடிக்குமா, வாளிக்குப் பயப்படுமா என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதே இனம் எடுப்பதில் தவறில்லை, அதே பெயரை மட்டும் வைக்காதீர்கள், அது புதுசாக வருகிற குட்டிக்குச் செய்யும் அநியாயம். குட்டி வந்தால் முதல் ஒரு வருடம் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பீர்கள், அதுவும் நியாயமில்லாத ஒப்பீடு, பதிமூன்று வயதில் எல்லாம் புரிந்து நடந்துகொண்டவனோடு மூன்று மாதக் குட்டியை ஒப்பிடுவீர்கள். எப்போது என்பதற்கு மாதக் கணக்கு சொல்ல மாட்டேன். வீட்டில் எல்லோரும் சரி என்று சொல்லும் வரை பொறுங்கள், மகளின் ஆசைக்காக மட்டும் அவசரப்பட வேண்டாம். முக்கியமாக அப்பா சம்மதிக்க வேண்டும், மழையோ பனியோ விடிந்ததும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பப் போவது அவர்தானே.